ஃபினெஸ்ட்ரே, அசியெட்டா இரண்டையும் ஒரே நாளில் கிராவல் சைக்கிளில் கடக்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். மியூனிக்கில் இருக்கிறீர்கள். ஜூலை கடைசியில் இத்தாலி போய், சூசா ஊரிலிருந்து கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே கணவாய்க்கு ஏறி, அங்கிருந்து அசியெட்டா முகட்டுச் சாலை வழியாக செஸ்ட்ரியேரே சேர்ந்து, தார்ச்சாலையில் சூசாவுக்கே திரும்ப வேண்டும். எல்லாம் ஒரே நாளில், தனியாக. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பலமுறை ஏறியிருக்கிறீர்கள். மண், சரளைப் பாதைகளிலும் ஓடும் உங்கள் கிராவல் சைக்கிளில் 40 மி.மீ. டயர், முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னே இருப்பதில் பெரியதற்கு 42 பல். "இந்த டயர் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் "தனியாக" என்ற சொல் உங்கள் கேள்வியில் மூன்று இடங்களில் வருகிறது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு எழுதுகிறேன். டயருக்கும் பதில் உண்டு, கொஞ்சம் கழித்து.

நான் டொரினோவில் (டூரின்) ஒரு சைக்கிள் பட்டறையில் 11 ஆண்டுகளாக மெக்கானிக். ஃபினெஸ்ட்ரே எனக்குப் பக்கத்து மலை. ஒவ்வொரு கோடையிலும் மூன்று நான்கு முறை ஏறுவேன். அசியெட்டா முழுவதையும் ஒன்பது முறை ஓட்டியிருக்கிறேன், இரண்டு முறை பாதியில் திரும்பியிருக்கிறேன். சைக்கிள் பற்றியும் அந்தச் சாலை பற்றியும் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். உடம்பு பற்றிச் சொல்வது அனுபவத்தில் கண்டது மட்டும். நான் மருத்துவன் இல்லை, உங்கள் உடல்நிலையும் எனக்குத் தெரியாது.

முதலில் ஏற்றம். சூசா கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாய் ஏறத்தாழ 2,178 மீட்டர். இடைப்பட்ட சாலையின் நீளம் 18.5 கி.மீ. சொச்சம். சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கோத்தகிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சுமார் 33 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏறுகிறீர்கள். இங்கே அதைவிட 200 மீட்டர் அதிகமான உயரத்தை, பாதியைவிடச் சற்றே கூடுதலான தூரத்தில் ஏற வேண்டும். சரிவு இரண்டு மடங்கு. அதிலும் இந்த மலையின் குணம் ஒன்று உண்டு. இளைப்பாற இடமே தராது. கோத்தகிரி சாலையில் நடுவில் கொஞ்சம் சமமாக வரும், கால் ஆறும். ஃபினெஸ்ட்ரேயில் சூசாவை விட்ட சில நிமிடங்களில் 9 சதவீதம் தொடங்கினால் மேலே போய்ச் சேரும்வரை அதேதான். மேயானா கிராமத்துக்கு மேலே காட்டுக்குள் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும். அதுவரை தார். சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் தார் முடிந்து, கடைசி 8 கி.மீ. மண்ணும் சரளையும்.

இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்தச் சாலையை மதிப்பிட வேண்டாம். 2005-இல் முதல்முறை ஜிரோ இங்கே வந்தது. 2018-இல் கிறிஸ் ஃப்ரூம் சுமார் 80 கி.மீ. தனியாக ஓடி ஜெயித்த நாளின் தொடக்கம் இந்தச் சரளையில்தான். 2025-இல் சைமன் யேட்ஸ் இதே ஏற்றத்தில் எல்லாரையும் விட்டுப் பிரிந்துபோய் மொத்தப் பந்தயத்தையும் தன்வசமாக்கினார். ஆனால் பந்தயம் வருவதற்கு முன் சாலையைச் சமப்படுத்தி, உருளை ஓட்டி இறுக்கிவிடுவார்கள். அதன்பிறகு மழையும் பைக்குகளும் கார்களும் வேலையைக் காட்டும். நீங்கள் போகும் வாரத்தில் எப்படி இருக்கும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் உறுதி சொல்ல முடியாது. பொதுவாக, ஃபினெஸ்ட்ரேயின் மண் பகுதி கெட்டியாக இருக்கும். வளைவுகளின் வெளி ஓரத்தில் மட்டும் உதிரிக் கற்கள் குவிந்திருக்கும். அதனால்தான் ஏற்றத்தைப் பொறுத்தவரை டயரைவிட உங்கள் கியரைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள், தண்ணீர், பை, உடுப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 15 கிலோ. 90 கிலோவை 9 சதவீதச் சரிவில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் தள்ள, ஈர்ப்பு விசைக்கு மட்டுமே சுமார் 130 வாட். சரளையின் உராய்வையும் செயின் இழப்பையும் சேர்த்தால் 160 வாட் பக்கம் வரும். பழகிய கால்களுக்கு மூன்று மணி நேரம் 160 வாட் முடியாத காரியமல்ல. ஆனால் 6 கி.மீ. வேகத்தில் உங்கள் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 45 சுற்றுதான் சுற்றும். 40-க்கு 42 கியரில் பெடல் 48 சுற்று. மூன்று மணி நேரம் 48 சுற்றில் மிதிப்பது என்றால் ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏறுவது மாதிரி. முழங்கால் கேள்வி கேட்கத் தொடங்கும்.

தார்ச்சாலையில் இதற்கு எழுந்து நின்று மிதித்துச் சமாளிப்போம். சரளையில் எழுந்து நின்றால் பின் சக்கரத்தின் மேலிருந்த எடை முன்னே போய்விடும். பிடிப்பு விட்டு, பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். சக்கரம் ஒருமுறை வழுக்கினால் ஓட்டம் நின்றுபோகும். 9 சதவீத மண்ணில் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்புவது, பழகியவர்களுக்கே எரிச்சலான வேலை. ஆக, உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். அப்படி மிதிக்க இன்னும் இலகுவான கியர் வேண்டும். பின்னே 50 அல்லது 51 பல் வரை போகும் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) உங்கள் பின் டெரயிலருக்கு, அதாவது செயினைப் பல் மாற்றித் தரும் கருவிக்கு, பொருந்துமா என்று உள்ளூர்ப் பட்டறையில் கேளுங்கள். பொருந்தாவிட்டால் முன்னே 40-ஐக் கழற்றி 34 அல்லது 36 போடுங்கள். அதுதான் மலிவான வழி. செயினைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 36 போட்டால் பெடல் சுற்று 53 பக்கமும், 34 போட்டால் 55-க்கு மேலும் வந்துவிடும். கேட்க அற்பமாகத் தெரியும். எங்கள் பட்டறைக்கு ஃபினெஸ்ட்ரே போய்விட்டு வந்து "எதை மாற்றியிருக்கலாம்?" என்று கேட்டவர்களில் பெரும்பாலானோர்க்கு நான் சொன்ன பதில் இதுதான்.

இப்போது அசியெட்டா. கணவாயின் தெற்குப் பக்கம் தார் போட்ட இறக்கம். சில கிலோமீட்டரில் பியான் டெல் ஆல்ப்பே என்ற புல்வெளி. அங்கே வலது பக்கம் பிரிகிறது அசியெட்டா சாலை. இராணுவம் போட்ட சாலை. கழுதையும் பீரங்கி வண்டியும் ஏறுவதற்காக அமைத்ததால் பெரும்பாலான இடங்களில் சரிவு மிதம்தான். ஃபினெஸ்ட்ரேயில் வாங்கிய அடிக்குப் பிறகு இது மருந்து போல இருக்கும். அசியெட்டா கணவாய் 2,472 மீட்டர். அதற்குப் பக்கத்திலேயே சாலை 2,500-ஐத் தாண்டும். 1747 ஜூலை 19 அன்று பிரெஞ்சுப் படை இந்த முகட்டைப் பிடிக்க ஏறிவந்து, இந்தப் பகுதியை ஆண்ட பீட்மாண்ட் அரசின் படையிடம் தோற்றுப் போனது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி பெல்-இல் அங்கேயே இறந்தார். அந்தப் போருக்காக அங்கே நிற்கும் நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கப் பள்ளத்தாக்குகளையும் பார்த்தால், இந்த வெட்டவெளியில் மேல்நோக்கி ஏறி வந்தவர்களின் நிலைமை புரியும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

மரம் இல்லை என்பதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். பியான் டெல் ஆல்ப்பேயிலிருந்து செஸ்ட்ரியேரே வரை சுமார் 34 கி.மீ. அதில் பெரும்பகுதி 2,300 மீட்டருக்கு மேலே, திறந்த முகட்டில். லவுசோன், பிளேஜியெர், கோஸ்டா பியானா, பூர்ஜே, பாஸ்ஸே என்று கணவாய்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இறங்கிக் கொஞ்சம் ஏற வேண்டும். வரைபடத்தில் சின்னதாகத் தெரியும் இந்த ஏற்ற இறக்கங்களே மொத்தம் சில நூறு மீட்டர். கற்கள் புடைத்த இடங்களில் மணிக்கு 11, 12 கி.மீ. வேகம் கிடைத்தால் நல்லது. மூன்று மணி நேரம் ஆகும், நின்று பார்த்தால் மூன்றரை. அப்புறம் செஸ்ட்ரியேரேயிலிருந்து சேசானா, உல்க்ஸ் வழியாகச் சூசாவுக்குக் கிட்டத்தட்ட 50 கி.மீ. தார். மொத்தம் 105 கி.மீ. பக்கம் வரும். ஏற்றம் 2,600 மீட்டருக்குக் குறையாது. தார்ச்சாலையில் 105 கி.மீ. உங்களுக்குக் காலை வேலையாக இருக்கலாம். இங்கே அது 10 மணி நேரப் பயணம். தூரத்தை மறந்துவிட்டு மணிக்கணக்கில் திட்டமிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜூலை, ஆகஸ்டில் ஆல்ப்ஸில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கிளம்பும். காலை வெயிலில் பள்ளத்தாக்கு சூடாகி, ஈரக்காற்று மேலே ஏறி, முகட்டின் மேல் மேகமாகத் திரளும். வானிலை அறிக்கை "பிற்பகலில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு" என்று சொன்னால் அதை நம்புங்கள். எந்த முகட்டில், எத்தனை மணிக்கு என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது. நான் இங்கே வந்த மூன்றாவது கோடையில், ஆகஸ்ட் மாதம், சூசாவிலிருந்து காலை 10:30-க்குக் கிளம்பினேன். லவுசோன் பக்கம் வரும்போது மணி மூன்றரை. மேகம் பின்னாலிருந்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி. பத்து நிமிடத்தில் சாலை வெள்ளையாகிவிட்டது. விரல்கள் மரத்துப்போய் பிரேக்கை அழுத்த முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, ஆடு மேய்ப்பவர்களின் கல் குடிசை ஒன்றின் சுவரோரம் ஒட்டி நின்றேன். அந்த அரைமணி நேரம் மின்னல் எந்தப் பக்கம் விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்ததை இன்னும் மறக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து காலை 6 மணிக்கு மேல் நான் சூசாவிலிருந்து கிளம்பியதில்லை.

6 மணிக்குக் கிளம்பினால், ஃபினெஸ்ட்ரே உச்சி 9:15 வாக்கில். அரைமணி நேரம் சாப்பாடு, ஓய்வு. மதியம் ஒன்றரைக்குள் செஸ்ட்ரியேரே. இந்தக் கணக்கில் ஒரே ஒரு நிபந்தனையை வைத்துக்கொள்ளுங்கள்: பியான் டெல் ஆல்ப்பே பிரிவில் மணி 11-ஐத் தாண்டியிருந்தால், அல்லது மேற்கே மேகம் கோபுரம் கட்டத் தொடங்கியிருந்தால், அசியெட்டாவை விட்டுவிட்டு நேராகத் தாரில் கிசோனே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அந்த முடிவை அங்கே நின்று எடுக்க முயன்றால் கால் முன்னே போகத்தான் சொல்லும். முந்தின இரவே எடுத்துவிடுங்கள். முகட்டுக்கு ஏறிய பிறகு எளிதாக வெளியேறும் வழிகள் குறைவு. கடைசிப் பகுதியில் பாஸ்ஸே கணவாயிலிருந்து வடக்கே சவ்ஸே துல்க்ஸ் ஊருக்கு ஒரு மண் சாலை இறங்குகிறது. அங்கிருந்து உல்க்ஸ் ரயில் நிலையம் கிட்டத்தில். களைத்துப் போனால் 50 கி.மீ. தார்ச்சாலைக்குப் பதில் அந்த ரயிலில் புஸ்ஸொலேனோ வரை வந்து, அங்கிருந்து கிளை ரயில் பாதையில் சூசா சேரலாம்.

மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. உடனே முகட்டின் உச்சிக் கோட்டை விட்டு இறங்கத் தொடங்குங்கள். சூசாவில் 30 டிகிரி இருக்கும் நாளில்கூட, 1,000 மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி என்ற கணக்கில், 2,500 மீட்டரில் 17 டிகிரிதான் இருக்கும். மழையும் காற்றும் சேர்ந்தால் சில நிமிடங்களில் 5 டிகிரி பக்கம் போய்விடும். மழைக் கோட்டும் முழு விரல் கையுறையும் கட்டாயம். கையுறையை மறந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சரி, டயர். ஃபினெஸ்ட்ரேக்கு 40 மி.மீ. தாராளம். அசியெட்டாவுக்கு 40-இல் போக முடியும், நானே போயிருக்கிறேன். ஆனால் 45 மி.மீ. உங்கள் சட்டகத்தில் இடிக்காமல் நுழையும் என்றால் 45 போடுங்கள். அகலமான டயர் சரளையில் வேகமா, மெதுவா என்று எங்கள் பட்டறையிலேயே ஒத்த கருத்து இல்லை. பரப்பையும் ஆளின் எடையையும் பொறுத்து மாறும். நான் 45 சொல்வது வேகத்துக்காக இல்லை. மூன்று மணி நேரம் கற்களில் குலுங்கிய பிறகும் உங்கள் கையில் பிரேக் பிடிக்கத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. 75 கிலோ ஆளுக்கு 45 மி.மீ. டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தத்தை 2 பார் பக்கம் தொடங்கலாம். 40 மி.மீ. என்றால் 2.3 முதல் 2.5. கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் கொஞ்சம் கூட்டுங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். டயருக்குள் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட்டைப் புதிதாக ஊற்றுங்கள். பஞ்சர் அடைக்கும் ரப்பர் திரி, ஒரு டியூப், பம்ப், செயின் இணைப்பு ஒன்று, பின் கியரைப் பிடித்திருக்கும் டெரயிலர் ஹேங்கர் ஒன்று கையில் இருக்கட்டும். அந்த ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வடிவம். முகட்டில் உடைந்தால் எந்தக் கடையிலும் உடனே கிடைக்காது.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 90 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 880 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். தார்ச்சாலையில் வேகமாக இறங்கினால் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். சரளையில் மெதுவாக இறங்கும்போது காற்று உதவாது. அதெல்லாம் பிரேக் டிஸ்க்கில் சூடாக இறங்கும். தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே போனால் பேட் கண்ணாடி போல் பளபளப்பாகி, பிடிப்புப் போய்விடும். வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்கும். வளைவுக்குள்ளே முன் பிரேக்கைத் தொடாதீர்கள். புறப்படுவதற்கு முன் புதுப் பேட் போட்டு, சில இறக்கங்களில் பழக்கிவிட்டு வாருங்கள். ஈரமும் மணலும் சேர்ந்தால் ரெசின் பேட் வேகமாகத் தேயும். உலோகப் பேட் சத்தம் போடும், ஆனால் தாங்கும். உங்கள் டிஸ்க் ரெசின் பேடுக்கு மட்டுமே ஏற்றது என்றால் பெரும்பாலும் அதன் மேலேயே எழுதியிருக்கும்.

இறங்கும்போது வண்டிச் சக்கரம் பதிந்த தடத்திலேயே ஓட்டுங்கள். இரண்டு பெடலும் சமமட்டத்தில், உடம்பு கொஞ்சம் பின்னே, கை தளர்வாக. முன் டயருக்கு அடியில் இருக்கும் கல்லைப் பார்த்தால் அதிலேயே போய் ஏறுவீர்கள். பத்து மீட்டர் முன்னே பாருங்கள்.

உணவுக் கணக்கு எளிது. 160 வாட் வேலைக்கு மணிக்குச் சுமார் 550 முதல் 600 கலோரி செலவாகும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும், பசி எடுப்பதற்கு முன்பே. தண்ணீரை இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சுமந்து செல்லுங்கள். வழியில் தங்கும் விடுதிகள் உண்டு என்றாலும், அவை திறந்திருக்கும் நாளைப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இது உறுதி. அது உங்களை எவ்வளவு தளர்த்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். முடிந்தால் முந்தின இரவு சூசாவில் தங்காமல் கொஞ்சம் உயரத்தில் தங்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஓர் இரவால் பெரிய வித்தியாசம் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அது சந்தேகத்துக்குரிய விஷயமே இல்லை, கீழே இறங்குங்கள்.

நாய்களையும் சொல்லியாக வேண்டும். 1990-களில் ஓநாய்கள் மேற்கு ஆல்ப்ஸுக்குத் திரும்பி வந்த பிறகு, ஆட்டு மந்தைகளோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்களை விடுகிறார்கள். முகட்டில் மந்தை தெரிந்தால் தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கிவிடுங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடவோ, கையை ஓங்கவோ, கண்ணுக்குக் கண் பார்க்கவோ வேண்டாம். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, அமைதியாகப் பேசியபடி மந்தையைச் சுற்றி நடந்து போங்கள். ஆட்டுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அது திரும்பிவிடும்.

நாள் தேர்வு பற்றி ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் புதன், சனிக் கிழமைகளில் அசியெட்டா சாலையில் பகல் நேரத்தில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. டொரினோ பெருநகர நிர்வாகம் ஒவ்வொரு கோடைக்கும் இதை அறிவிக்கும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிற உங்களுக்கு நான் சனிக்கிழமையைத்தான் சொல்வேன். தூசி இருக்காது, சைக்கிள்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள், விழுந்தால் பார்க்க ஆள் இருக்கும். அவசர எண் 112. முகட்டில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. அதனால் எத்தனை மணிக்கு எங்கே இருப்பீர்கள், எத்தனை மணிக்கு மேல் தகவல் வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆக, உங்களால் முடியுமா? கோத்தகிரியை நிற்காமல் ஏறி, கீழே வந்ததும் இன்னொரு முறை பாதி ஏறத் தெம்பு இருக்கிறது என்றால், கியரை மாற்றிக்கொண்டு, 6 மணிக்குக் கிளம்பினால் முடியும் என்றே நினைக்கிறேன். அந்தத் தெம்பு இன்னும் வரவில்லை என்றால் ஃபினெஸ்ட்ரேயை ஒரு நாளும், செஸ்ட்ரியேரேயில் தங்கி அசியெட்டாவை மறுநாளும் வைத்துக்கொள்ளுங்கள். முகடு அப்போதும் அதே அழகோடுதான் இருக்கும், நின்று பார்க்க நேரமும் கிடைக்கும். உங்கள் பின் டெரயிலர் எந்த மாடல் என்று கீழே எழுதுங்கள். 51 பல் கேசட் அதில் ஏறுமா, முன் பல்சக்கரத்தை மாற்றுவது நல்லதா என்று பார்த்துச் சொல்கிறேன்.